கோன் கடலை கம்பவுண்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பனியன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பர்சனல் ஆபீசராம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கம்பெனியில் நலவாழ்வு நாள் கொண்டாடுகிறார்கள். ‘தினமும் கடலை, பாதாம், முந்திரி சாப்பிடுவதன் நன்மைகள்’ என்று நான் அரை மணி நேரம் பேச வேண்டும்.

“நம்ம கம்பெனில கடலை குடுக்கற பழக்கத்த ஆரம்பிச்சதே நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க சார். இப்ப சரக்கு வாங்க வர்ற ஃபாரின் பையருங்க துணியப் பாக்கறதுக்கு முன்னால கேன்டீனத்தான் பாக்கறாங்க. உங்க அனுபவத்தச் சொன்னீங்கன்னா நெம்ப உபயோகமா இருக்குமுங்க” என்றாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்று ஒரு வருடமாக என் அனுபவத்தை யாரும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“கடலை குடுத்தத மட்டும் சொல்றதா, கடலை குடுத்து ஒரு பொம்பளையக் கொல்லப் பாத்ததையும் சேத்திச் சொல்றதான்னு அவரக் கேட்டுக்க கண்ணு.”

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காபியைப் பாதியில் வைத்துவிட்டு, “நான் அப்புறம் வர்றனுங்க சார்” என்று கிளம்பிவிட்டாள். இரண்டுமே உண்மைதான். அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற காரியமில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் சேவூர்க்காரன். நிலக்கடலை விளைகிற ஊர். பிறந்ததிலிருந்து கடலை உரித்தவன். படிப்பு ஏறவில்லை, அவிநாசியில் ஒரு டாக்டரிடம் பாட்டில் கழுவப் போனேன், மிக்சர் கலக்கக் கற்றேன், கட்டுப் போடக் கற்றேன், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ளக் கற்றேன். பன்னிரண்டு வருடம் அப்படியே போயிற்று. பிறகு முதலுதவிச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு, எண்பதுகளின் நடுவில் திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் முதலுதவி அறைக்கு வந்து சேர்ந்தேன். எட்டடிக்குப் பத்தடி அறை, ஒரு கட்டில், ஒரு அலமாரி. ஊசி குத்திய விரலுக்கு டிஞ்சர், தலைவலிக்கு மாத்திரை, வயிற்றுவலிக்கு ஓம வாட்டர். இவ்வளவுதான் என் வைத்தியம். ஆனால் எல்லாரும் ‘கம்பவுண்டர் சார்’ என்று கூப்பிட்டதில், பாதி டாக்டராகிவிட்ட நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

முழு டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. கம்பெனிக்குப் பத்து நிமிட தூரத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். அவரைப் போல ஒரு மேலதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. என்னை விட இருபது வயது பெரியவர், ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். பனியன் வெட்டி மிஞ்சுகிற வெள்ளை வேஸ்ட் துணியை மேசையில் மடித்து வைத்திருப்பேன், அதில் ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் துடைப்பார். அதற்குள் நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்ப்பார். நகத்தை அழுத்தி விட்டுவிட்டுப் பார்ப்பார். அப்புறம் ஒரே கேள்வி: “நேத்துக் காலைல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?”

பதில் வரும்வரை காத்திருப்பார். பெண்கள் என்னைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். டாக்டரம்மா காத்திருப்பார். வரிசை வெளியே நீண்டுகொண்டிருக்கும். எனக்குப் பொறுக்காது. “இட்லி தின்னிருப்பாங்கம்மா” என்று நான் எடுத்துக் கொடுப்பேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, “நீங்க சாப்பிட்டதைக் கேக்கல நாச்சிமுத்து” என்பார்.

நான் சேர்ந்து பதினைந்து வருடம் ஆனபோது கம்பெனியில் பெரிய தொந்தரவு மயக்கம். சாயங்காலம் ஐந்து மணி ஆனால், தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் பிரிவில் யாராவது ஒரு பெண் துணி மேலேயே சாய்ந்துவிடுவாள். முகத்தில் தண்ணீர் தெளிப்பேன், காலைத் தூக்கி வைப்பேன், குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவாள். அடுத்த நாள் வேறொருத்தி. டாக்டரம்மா எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு மேல் சோகை. காலையில் ஒரு டீயும் பன்னும், மத்தியானம் ஆறிப்போன சோறு, மறுபடி டீ. இப்படித் தின்றால் உடம்பு எங்கிருந்து தாங்கும்?

முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “இரும்புச் சத்து மாத்திரை நான் எழுதித் தர்றேன். பசிக்கு நீங்க என்ன தர்றீங்க?”

முதலாளி நல்ல மனுஷர். செலவுக் கை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். “என்னுங்கம்மா தரட்டும்?” என்று கேட்டார். தினமும் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, சாயங்காலம் நாலு மணிக்கு, டீக்கு ஒரு மணி நேரம் முன்னால் என்றார் டாக்டரம்மா. டீயும் கூடவே போனால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாதாம். விலை குறைவு, பசி தாங்கும், உடம்புக்கு நல்ல கொழுப்பு, புரதம் எல்லாம் உண்டு. நானோ பக்கத்தில் நின்றுகொண்டு, “கடலை எங்கூர்லயே கெடைக்குமுங்க, நானே மூட்டை புடிச்சுட்டு வந்தர்றனுங்க” என்று குதித்தேன். அப்படித்தான் நான் கடலைக்கு அதிகாரியானேன்.

சும்மா கடலை கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஓடுவது வெள்ளைப் பனியன். கடலை தின்ற கையோடு ஒருத்தி துணியைத் தொட்டால் போதும், எண்ணெய்க் கறை. செவப்புத் தோல் ஒன்று பறந்து போய்த் தையலுக்குள் மாட்டினால் அந்தப் பீஸ் டேமேஜ். கட்டிங் மாஸ்டர் கடலை என்ற பேச்சைக் கேட்டதுமே தலையில் கை வைத்துக்கொண்டார். எனவே ஒரு நடைமுறை வகுத்தேன். நூல் சுற்றி வருகிற காகிதக் கோன் கம்பெனியில் மலை மலையாகக் கிடக்கும். அதில் ஒன்றைப் பாதியாக வெட்டி அடியை ஒட்டினால் ஒரு கைப்பிடிக்குச் சரியான அளவு. ஆளுக்கு ஒரு கோன். நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து தின்ன வேண்டும். தோலை ஊதக் கூடாது. தின்று முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, வேஸ்ட் துணியில் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் என்னிடம் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். வாசலில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பேன். கையை முகர்ந்துகூடப் பார்ப்பேன். ஐயோ, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டேனா? கரும்பலகை ஒன்றை மாட்டி, கொட்டை எழுத்தில் ‘கடலை தின்றால் கவலை இல்லை’ என்று எழுதி வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை வந்த டாக்டரம்மா நின்று அதைப் படித்தார். டஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டார். “கவலை இருக்கத்தான் செய்யும் நாச்சிமுத்து. கடலையும் தின்னட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அடுத்த வாரம் வேறு வாசகம் யோசித்து வைத்திருந்தேன். அதை எழுதவில்லை.

பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. கோன் நிரப்பும்போதே பிரசங்கம் நடக்கும். கடலை தின்றால் முடி கொட்டாது, பல் விழாது, கோபம் வராது, தூக்கம் வரும் என்று டாக்டரம்மா சொல்லாததையெல்லாம் அவர் சொன்னதாகவே சொல்லுவேன். செக்கிங்கில் சரஸ்வதி என்று ஒரு பெண் இருந்தாள், பெருமாநல்லூர்க்காரி, வாய் துடுக்கு. “ஏனுங்கண்ணா, உங்களுக்குத்தான் தலைல முடியே காணமே, உங்கூர்ல வெளையற கடலக்கா அத்தனையும் யாரு தின்னாங்கொ?” என்று கேட்டாள். நடைபாதையே சிரித்தது. அன்றைக்கு அவள் கோனில் நாலு பருப்புக் குறைவாகப் போட்டேன். அவ்வளவு பெரிய மனுஷன் நான்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி எல்லாரையும் எடை பார்த்தார், ரத்தம் பார்த்தார். நான் மாலையை எதிர்பார்த்து நின்றேன். ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கடலையை யாரு தின்னாங்க?” என்று கேட்டார். “அவங்கதானுங்கம்மா” என்றேன். அவர் வரிசையில் இருந்த பெண்ணைக் கேட்டார், காத்திருந்தார். அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அதற்குள் அன்றைய கடலை முழுதாக இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகளாம். பிள்ளை இருக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இரண்டு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை முடிந்துகொண்டு போயிருக்கிறார்கள். கையை முகர்ந்து பார்த்த எனக்கு முந்தானை கண்ணில் படவில்லை.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் எளிது. “முதலாளிகிட்டச் சொல்லுங்க. பிள்ளை இருக்கறவங்களுக்கு ரெண்டு கோன் குடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு இங்க, ஒண்ணு வீட்டுக்கு.”

நான் முதலாளியிடம் சொல்லவில்லை. இதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது. மூட்டை கூடுகிறது என்று அவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் ஒன்று. நான் வகுத்த நடைமுறை தோற்றுப்போனதாக ஆகிவிடுமே என்ற ரோசம் ஒன்று. சொல்வதற்குப் பதிலாக நானே ஒரு புதுச் சட்டம் போட்டேன். கோன் முழுவதையும் என் கண் முன்னாலேயே தின்ன வேண்டும். தின்று முடித்ததும் கோனைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், கையைக் காட்ட வேண்டும், வாயையும் திறந்து காட்ட வேண்டும். தின்னாதவர் உள்ளே போக முடியாது. கல்யாணமான பெண்கள் என் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஆ காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியம்மாள் வேலைக்குச் சேர்ந்தாள். கோவில்பட்டிப் பக்கம் ஏதோ கிராமம். புருஷன் சாயப்பட்டறைக்கு வேலைக்கு வந்து, பின்னால் இவளும் வந்தவள். ஒல்லியான உடம்பு, பேச்சு அதிகம் கிடையாது. கேன்டீனில் எதையும் தொடமாட்டாள், தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். கர்வம் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் அவள் கோனை வாங்கி அப்படியே பக்கத்திலிருந்த சரஸ்வதியிடம் கொடுத்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தேன்.

“ஏம்மா, உனக்குக் குடுத்தத நீ திங்காம அந்தப் புள்ளைக்கு எதுக்குக் குடுக்கற?”

“எனக்கு வேண்டாம் அண்ணாச்சி.”

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், வீட்டுக்குப் போனால் தின்னக் கொடுப்பதை வேண்டாம் என்பதுதான் முதல் மரியாதை. “இப்பத்தானுங்க சாப்டுட்டு வந்தேன்” என்று ஒரு தடவை. “அட, வேண்டாமுங்க” என்று ஒரு தடவை. “வயிறே செரியில்லீங்க” என்று ஒரு தடவை. மூன்றும் முடிந்தபிறகு கையைப் பிடித்து உட்கார வைத்து இலையைப் போட வேண்டும். வந்தவர் எட்டுத் தோசை தின்பார். முதல் தடவையே நம்பிக் கம்மென்று இருந்துவிட்டால், ‘அவுங்கூட்டுக்குப் போனா பச்சத் தண்ணிகூடக் கெடைக்காது’ என்று சேவூர் முழுக்கப் பேச்சாகிவிடும். அப்படிப் பழகிய மண்டை எனக்கு. புதுப்பெண், கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

“சும்மா தின்னும்மா. வெக்கப்படாத.”

“எனக்கு ஆகாது அண்ணாச்சி. சின்னதுலயே தின்னா தொண்ட கட்டிக்கிடும்.”

“எந்த ஊரும்மா நீ?”

“கோவில்பட்டிப் பக்கம்.”

நான் சிரித்தேனே ஒரு சிரிப்பு! “கடலை மிட்டாய் ஊர்ல பொறந்துட்டு கடலை ஆகாதுங்கறயே, கேக்கறவன் கேனயனா?” என்றேன். நடைபாதையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். அது எனக்கு இன்னும் ஊக்கமாகப் போயிற்று.

“வேண்டாம் அண்ணாச்சி. நெசமாத்தான் சொல்லுதேன்.”

மூன்று முறை ஆகிவிட்டது அல்லவா? எங்கள் ஊர்க் கணக்குப்படி இனிமேல் கொடுக்க வேண்டியதுதான். “டாக்டரம்மா உத்தரவு. தின்னாத்தான் உள்ள போலாம்” என்று சொல்லி, கோனை அவள் கையில் வைத்து அழுத்தினேன். டாக்டரம்மா அப்படி ஓர் உத்தரவு போட்டதே இல்லை.

அவள் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலை மறித்து நிற்கிற ஆளிடம் நாலாவது முறை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எப்படி முடியும்? ஐந்தாறு பருப்பை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுத்தவளுக்குக் கோன் நிரப்பப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சரஸ்வதி கூப்பிட்டாள். பேச்சியம்மாள் உதட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. கழுத்திலும் கையிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? “பித்தமா இருக்கும், எலுமிச்சங்காய் சோடா வாங்கியாரச் சொல்லட்டா?” என்று கேட்டேன். பன்னிரண்டு வருடம் டாக்டரிடம் இருந்தவன் கேட்ட கேள்வி இது!

“சோடாவா? அவ மூச்சு உடறதப் பாருங்கண்ணா!” என்று சரஸ்வதி கத்தினாள்.

அப்போதுதான் காது கேட்டது. மூச்சு விசில் போல இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு வந்தது. அவிநாசியில் ஒரு முறை ஊசி ஒத்துக்கொள்ளாமல் ஒருவருக்கு இதே மாதிரி ஆனது சட்டென்று ஞாபகம் வந்தது. அந்த மனிதர் பிழைக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம்.

டெலிவரி வேன் வாசலில் நின்றது, பாதி ஏற்றிய பண்டல்களோடு. அந்த வெள்ளைப் பண்டல்கள் மேலேயே அவளைப் படுக்க வைத்தோம். சரஸ்வதி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. டாக்டரம்மா கிளினிக்கில்தான் இருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் சேவூரிலிருக்கிற சாமி, அவிநாசியிலிருக்கிற சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். வேண்டுதல் வேறு: இவள் பிழைத்தால் இனி நான் கடலையே தின்னமாட்டேன் என்று. அந்த நேரத்திலும் எனக்குக் கடலையைத் தாண்டி யோசனை போகவில்லை பாருங்கள்.

டாக்டரம்மா அவளை ஒரு பார்வைதான் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அலமாரியைத் திறந்து சின்ன மருந்துக் குப்பியை எடுத்து முனையை உடைத்தார், சிரிஞ்சில் இழுத்தார், ஊசியைப் போட்டார். காலுக்கடியில் இரண்டு தலையணை வைக்கச் சொன்னார். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தார். எல்லாவற்றையும் வழக்கமான வேகத்திலேயே செய்தார். என்னைப் பார்த்து, “நாச்சிமுத்து, மூச்சை எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க” என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழில் குழம்பிவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டி, கடிகார முள் தெரியவில்லை. “திரும்ப எண்ணுங்க” என்றார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். இரண்டாவது ஊசி போட்டார். மறுபடி எண்ணினேன். எத்தனை முறை எண்ணினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. தடித்த உதட்டை அசைத்துப் பேச்சியம்மாள் தண்ணீர் கேட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒத்துக்காதுன்னு அவங்க சொன்னாங்களா?”

“சொன்னாங்கம்மா.”

“எத்தனை தடவை?”

“மூணு தடவைங்கம்மா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் நாடியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

சாயங்காலம் முதலாளி கிளினிக்குக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. “என்னாச்சும்மா? ஆரு உனக்குக் கடலக்கா குடுத்தது?” என்று பேச்சியம்மாளைக் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரகரத்த குரலில், “நாந்தான் முதலாளி, ஆசப்பட்டுத் தின்னுட்டேன்” என்றாள். என்னைக் காட்டிக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறாள். நான் உடனே முன்னால் வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஓடக்கூட இல்லை.

“நாச்சிமுத்து” என்றார் டாக்டரம்மா. பெயரை மட்டும்தான் சொன்னார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னது, அவள் மூன்று தடவை சொன்னது, டாக்டரம்மா பெயரில் பொய் உத்தரவு போட்டது, இரண்டு கோன் கொடுக்கச் சொன்னதை மறைத்தது வரை சொன்னேன். அழுதேன். முதலாளி நெற்றியைத் தடவிக்கொண்டார். “ஏனுங்க கம்பவுண்டர், ரெண்டு கோன் வேணும்னு சொன்னா நானு மாட்டேன்னா சொல்லப் போறேன்? ஒரு மூட்டை சேத்தி வாங்கிட்டுப் போறோம். அதுக்கு ஒரு உசுரக் கொண்டுபோகப் பாத்தீங்களே” என்றார். அப்புறம் டாக்டரம்மாவிடம், கடலை சமாச்சாரமே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார்.

“கடலை மேல தப்பு இல்லீங்க” என்றார் டாக்டரம்மா. “பெரும்பாலானவங்களுக்கு அது நல்லதுதான். குடுக்கற ஆளை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கம்பெனியில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நானே போய், எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கு அதைவிடக் கடுமையான தண்டனை வேறு கிடையாது. மூன்று வாரம் ஆயிற்று. கத்திரிக்காய் தின்றால் அரிக்கிறவர், முட்டை வாசனை ஆகாதவர், பால் குடித்தால் வயிறு போகிறவர் என்று எத்தனை பேர்! இத்தனை நாளும் அதே நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. சரஸ்வதி மட்டும், “எனக்கு உங்க பேச்சுத்தானுங்கண்ணா ஒத்துக்காது, எழுதிக்கோங்க” என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

பேச்சியம்மாள் ஒரு வாரத்தில் வேலைக்கு வந்தாள். அவளுக்கு மட்டும் கடலைக்குப் பதில் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும். கடலை அள்ளிய கையால் அதைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால், முதலில் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடம், நான் ஓய்வு பெறும்வரை, நாலு மணிக்கு என் முன்னால் முதலில் நீளும் கை அவளுடையது. அவளிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க அண்ணாச்சி, வேன்ல நீங்க அழுதத சரசு சொன்னா” என்று சொல்லிவிட்டுப் பழத்தை உரித்தாள்.

இரண்டு கோன் முறை வந்த பிறகு மயக்கம் குறைந்தது. அடுத்த பரிசோதனையில் பலருக்கு ரத்தம் ஏறியிருந்தது. கடலைதானே காரணம் என்று நான் ஆசையாகக் கேட்டேன். “மாத்திரை ஒரு காரணம். டீயைத் தள்ளிக் குடிச்சது ஒரு காரணம். கடலை ஒரு காரணம். உங்க பேச்சுக்கு இதுல பங்கு இல்ல” என்றார் டாக்டரம்மா. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, நலவாழ்வு நாளுக்கு வருகிறேன். பேசுவதானால் பேச்சியம்மாள் கதையைச் சொல்லாமல் பேச முடியாது. அவளைக் கேட்காமலும் சொல்லக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை முதலிபாளையத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். அவள் மகன் அங்கே சின்னதாக நாலு மிஷின் போட்டிருக்கிறான். அவளும் இப்போது நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

“தாராளமாச் சொல்லுங்க அண்ணாச்சி. எம் பேரையும் சேத்தே சொல்லுங்க” என்றாள்.

உள்ளே பணியாரம் வெந்துகொண்டிருந்தது. நல்லெண்ணெயில் சுடுகிறாள்; கடலை எண்ணெய் அந்த வீட்டு வாசற்படி ஏறாது. வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த வாசனை என் வயிற்றைப் பிராண்டியது. காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அட, வேண்டாம்மா. இப்பத்தான் சாப்டுட்டு வந்தேன்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரி அண்ணாச்சி” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருவாள், இன்னொரு முறை கேட்பாள், இன்னொரு வேண்டாம் சொல்லலாம் என்று அடுக்களைக் கதவையே பார்த்தேன். வரவில்லை. வெளியே மகனின் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஆள் வேண்டாம் என்று சொன்னால் அதை நம்புவது எவ்வளவு பெரிய மரியாதை! அந்த மரியாதையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் எனக்குக் கொடுத்துவிட்டாள், நான் பசியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

“பேச்சியம்மா” என்று கூப்பிட்டேன். அறுபது வயதில் முதல் தடவையாக ஒருவர் வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன். “எனக்குப் பசிக்குது. பணியாரம் வேணும்.”

கதவுக்குப் பின்னாலிருந்தே தட்டு வந்தது. அவள் உள்ளேயே போகவில்லை, அங்கேயேதான் நின்றிருக்கிறாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“எத்தன நேரம் தாங்குவீங்கன்னு எண்ணிக்கிட்டு நின்னேன் அண்ணாச்சி” என்றாள். “அன்னைக்கு நீங்க எண்ணுன மாதிரியே பதினேழு வந்துச்சு.”

ஏழு பணியாரம் தின்றேன். எட்டாவது வைக்க வந்தாள். போதும் என்றேன், நிறுத்திக்கொண்டாள்.